தமனி வரைபடமும் அதற்கு இடும் மதிப்பெண்ணும்

கெடா மாநிலத்தில் ஜெராய் மலைக்குத் தெற்கே, மலைச்சரிவு மெல்லத் தணிந்து ஆற்றையும் அலையாத்திக் காட்டையும் எட்டுகிற இடத்தில் அமைந்த மெர்போக், பூஜாங் பள்ளத்தாக்கின் புராதனச் சின்னங்களால் சரித்திர மாணவர்களுக்குப் பெயரளவிலேனும் தெரிந்த ஊர். இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டியும், பின்னர் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்து, காலப்போக்கில் பீடோங், சுங்கைப் பட்டாணி முதலிய பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களிலே இனிப்புநீர் இல்லாத வீடு அரிது என்று முதியோர் சொல்வது வெறும் புலம்பலன்று. மலேசிய சுகாதார அமைச்சு 2019 ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வு, வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், அவர்களுள் இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காட்டினருக்கும் இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது.

இந்நோயாளிகள் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது கண்ணின் பின்புறத்தைப் படம் பிடித்துக்கொள்ளுமாறு சொல்லப்படுவதுண்டு. தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் பதித்து, எதிரே தெரியும் சிறு வெளிச்சப் புள்ளியை நோயாளி உற்றுப் பார்த்திருக்க, ஒளி ஒன்று பளிச்சிடுகிறது. அடுத்த கணமே தாதியின் திரையில் செம்மஞ்சள் நிற வட்டமொன்றும், அதன் ஒரு பக்கத்தில் வெளிர்மஞ்சளாக ஒரு தட்டும், அத்தட்டின் நடுவிலிருந்து புறப்பட்டுக் கிளை கிளையாகப் பிரிந்தோடும் இரத்த நாளங்களும் காட்சியளிக்கின்றன. தோலைக் கீறாமல், சாயம் எதுவும் செலுத்தாமல், உயிருள்ள மனிதனின் இரத்த நாளங்களை நேருக்கு நேர் காண்பதற்கு உடம்பில் இதைப்போல் வாய்த்த இடம் வேறில்லை. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851 இல் தம் கண்ணோக்குக் கருவியைப் பற்றி எழுதி வெளியிட்ட நாள் முதல், வைத்தியர்கள் இந்தச் சன்னல் வழியாகக் கண்நோயை மாத்திரமன்றி, இரத்த அழுத்தத்தின் அடையாளங்களையும் படித்து வந்திருக்கிறார்கள்.

அவ்வாறு படிப்பதற்கு முதலில் நாளங்களைப் பின்புலத்திலிருந்து பிரித்தறிய வேண்டும். அவற்றுள்ளும், சற்று மெலிந்து, பிரகாசமான செந்நிறமும் நடுவில் ஓர் ஒளிக்கோடும் உடையவை தமனிகள் என்றும், அகன்று கருஞ்சிவப்பாகத் தோன்றுபவை சிரைகள் என்றும் வகைப்படுத்த வேண்டும். ஒரு படத்திலுள்ள நாளங்களனைத்தையும் கையால் வரைந்து முடிப்பது பொறுமைசாலிக்கும் மணிக்கணக்கில் பிடிக்கிற வேலை. ஆகையால் இப்பணியைக் கணினிக்கு விட்டுவிடும் முயற்சி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகவே நடந்து வருகிறது. பிற்காலத்தில் பம்பாய் ஐ.ஐ.டி.யின் இயக்குநராக விளங்கிய சுபாசிஸ் சௌதுரியும் அவருடைய சகாக்களும் 1989 இல், நாளத்தின் குறுக்குவெட்டில் ஒளி குறைந்து கூடும் பாங்கை ஓர் அச்சாக வைத்துக்கொண்டு, அதனைப் பன்னிரண்டு திசைகளில் திருப்பித் திருப்பிப் படத்தின்மீது பொருத்திப் பார்க்கும் முறையை வெளியிட்டார்கள். 1998 இல் ஃபிராங்கியும் அவர் குழுவினரும் குழாய் வடிவங்களை மட்டும் எடுத்துக்காட்டும் கணித வடிகட்டியொன்றைத் தந்தார்கள். 2015 இல் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தார் யு-நெட் என்ற நரம்பணுவலை அமைப்பை வெளியிட்ட பின்னரோ, அல்காரிதம் எனப்படும் இக்கணிமுறைகள் ஆண்டுதோறும் ஈசல்போல் பெருகலாயின.

இத்தனை கணிமுறைகளுள் எது நல்லது என்று நிர்ணயிப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் விசாரணை. வரைவதைக் காட்டிலும் வரைந்ததை மதிப்பிடுவது எளிது என்று தோன்றக்கூடும். உண்மையில் இத்துறையின் ஆழமான சங்கடங்கள் யாவும் மதிப்பீட்டிலேதான் குடிகொண்டிருக்கின்றன.

பிரமாணப் படம்

ஒரு விடைத்தாளைத் திருத்த வேண்டுமானால் சரியான விடை இன்னதென்று முன்னரே தெரிந்திருக்க வேண்டும். நாளங்களின் விஷயத்தில் அச்சரியான விடை, நிபுணர் ஒருவர் புள்ளி புள்ளியாகப் பார்த்து, இது நாளம், இது நாளமன்று என்று குறித்துத் தந்த பிரமாணப் படமே ஆகும். இத்தகைய பிரமாணங்களுள் இரண்டு புகழ் பெற்றவை. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆடம் ஹூவரும் சகாக்களும் வெளியிட்ட ஸ்டேர் தொகுதியில் 20 படங்கள் உண்டு; அவற்றுள் 10 நோய்க்குறிகள் உள்ளவை. 2004 இல் நெதர்லாந்திலிருந்து வந்த டிரைவ் தொகுதியில், இனிப்புநீர்க் கண்நோய்ப் பரிசோதனைக்கு வந்தவர்களின் படங்களிலிருந்து தேர்ந்தெடுத்த 40 படங்கள் உள்ளன. அவற்றில் 20 கணினிக்குக் கற்பிப்பதற்கும், 20 அது கற்றதைப் பரீட்சிப்பதற்கும் ஒதுக்கப்பட்டன; பரீட்சைக்குரிய 20 படங்களையும் ஒருவரையொருவர் சாராத இருவர் தனித்தனியே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

பரீட்சை வைத்தவுடன் எல்லோருக்கும் முதலில் தோன்றும் மதிப்பெண், மொத்தப் புள்ளிகளில் எத்தனை விழுக்காட்டைக் கணினி சரியாகச் சொன்னது என்னும் எளிய கணக்கு. இந்த எளிமைக்குள் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. கண்படத்தின் வட்டத்துக்குள் நாளமாக இருப்பவை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குப் புள்ளிகளே. எஞ்சிய யாவும் வெறும் பின்புலம். ஆதலால், எந்தப் படத்தைக் காட்டினாலும் ‘இதில் இரத்த நாளமே இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு கூறும் மடக் கணிமுறை ஒன்று, டிரைவ் தொகுதியில் 87.27 விழுக்காடு மதிப்பெண் பெற்றுவிடுகிறது! அதே பரீட்சையை, சிரத்தையோடு அமர்ந்து வரைந்த இரண்டாவது மனித நோக்கர் எழுதினால் அவருக்குக் கிடைப்பது 94.7 விழுக்காடு மட்டுமே. ஒன்றுமே செய்யாதவனுக்கும் ஊன்றி உழைத்தவருக்கும் இடையே ஏழரை மதிப்பெண்தான் வித்தியாசம் என்றால், அந்த இடைவெளிக்குள் நின்றுகொண்டு தசம ஸ்தானங்களுக்காகப் போட்டியிடும் நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைகளின் வெற்றி தோல்விகளை எவ்வளவு நிதானத்தோடு வாசிக்க வேண்டும் என்பது விளங்கும்.

இந்தப் பொறியிலிருந்து தப்புவதற்காக அறிஞர்கள் பின்புலத்தைக் கணக்கில் சேர்க்காத அளவைகளை நாடினார்கள். அவற்றுள் இன்று பெரிதும் வழங்குவது டைஸ் எண். கணினி வரைந்த நாளமும் பிரமாணத்திலுள்ள நாளமும் ஒன்றன்மேலொன்று பொருந்தும் பரப்பை இரட்டித்து, இரண்டின் மொத்தப் பரப்பால் வகுத்தால் வருவது அது. முற்றிலும் பொருந்தினால் 1, சிறிதும் பொருந்தாவிட்டால் 0. மேற்கண்ட மடக் கணிமுறைக்கு இதில் கிடைப்பது சுத்தப் பூஜ்யம். விசேஷம் என்னவென்றால், இந்த எண் மருத்துவத்துக்காகப் பிறந்ததே அன்று. ஸ்விட்சர்லாந்தின் தாவரவியலார் பால் ஜக்கார் ஆல்ப்ஸ் மலைச்செடிகளை ஒப்பிடுவதற்காக 1901 இல் இதற்கு நெருங்கிய உறவுடைய அளவையொன்றைப் பயன்படுத்தினார். அமெரிக்கச் சூழலியலார் லீ டைஸ், இரண்டு உயிரினங்கள் ஒரே இடத்தில் எவ்வளவு அடிக்கடி சேர்ந்து காணப்படுகின்றன என்று அறிவதற்காக 1945 இல் இந்த எண்ணை வெளியிட்டார். செடிகளுக்கு எது எங்கே வளர்ந்தது என்பதே கேள்வி. ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் தொடர்ச்சி வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அங்கே இல்லை. இரத்த நாளத்துக்கோ தொடர்ச்சியே உயிர். அந்த வித்தியாசத்தின் விளைவைச் சற்றுப் பின்னர் காண்போம்.

அதற்கு முன்னால், பிரமாணமே எவ்வளவு பிரமாணமானது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்டேர் தொகுதியை வரைந்த இருவரில் முதலாமவர் 10.4 விழுக்காடு புள்ளிகளை நாளம் என்று குறித்தார். அதே படங்களில் இரண்டாமவர் 14.9 விழுக்காட்டைக் குறித்தார். இருவரும் கற்றவர்கள், இருவரும் கவனமுடையவர்கள். ஆயினும் மயிரிழை போன்ற நுண்கிளைகளை எதுவரை பின்தொடர்வது என்பதில் இரண்டாமவரின் கை முதலாமவரின் கையைவிட நீண்டது. முதலாமவரை ஆசானாகக் கொண்டு கற்ற கணினி, அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி அவர் தொடர்ந்த இடத்தில் தொடரும். அதனால் அது இரண்டாவது மனிதரைக் காட்டிலும் அதிக மதிப்பெண் பெறுவதும் உண்டு. ‘மனிதனை வென்ற யந்திரம்’ என்று செய்தித்தாள்களில் வரும் அறிவிப்புகளுள் சில, உள்ளபடி பார்த்தால், ஓர் ஆசிரியரின் கையெழுத்தை மற்றொரு ஆசிரியரைவிட அவருடைய மாணாக்கன் நன்றாகப் பின்பற்றினான் என்பதற்கு மேல் வேறொன்றையும் நிரூபிப்பதில்லை. நிபுணர் பலரின் வரைவுகளையும் ஒருசேர வைத்து, உண்மை எதுவாக இருக்கக்கூடும் என்பதையும் ஒவ்வொரு நிபுணரும் எவ்வளவு நம்பத்தக்கவர் என்பதையும் ஒரே கணக்கில் மதிப்பிடும் ஸ்டேப்பிள் என்னும் முறையை வார்ஃபீல்டும் சகாக்களும் 2004 இல் வகுத்தளித்தது இந்தச் சங்கடத்துக்கு ஒரு பரிகாரமாகவே.

தொடர்ச்சியும் அறுபடலும்

அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவாரம் வரை ஏறக்குறைய 35 கிலோமீட்டர் நீளத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டப்பட்ட வான் மாட் சமான் கால்வாயைக் கெடாவாசிகள் அறிவார்கள். அக்கால்வாயின் வரைபடம் ஒன்றில், தொடக்கத்துக்கு அருகே நூறு மீட்டர் மட்டும் விட்டுப்போயிருப்பதாக வைத்துக்கொள்வோம். மற்றொரு வரைபடத்தில் கால்வாய் முழுதும் தொடர்ச்சியாக இருக்கிறது. ஆனால் இரு கரைகளும் நெடுகிலும் சற்றே உள்வாங்கி வரையப்பட்டிருக்கின்றன. பரப்பை மாத்திரம் கணக்கிடும் டைஸ் எண் முதல் வரைபடத்துக்கே அதிக மதிப்பெண் தரும். அதை நம்பித் தண்ணீர் போகும் வழியைக் கணிக்கிறவனுக்கோ, அந்த நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள வயல்கள் யாவும் வறண்டு கிடப்பதாகத் தோன்றும்.

இத்தகைய பிழையைப் பிடிப்பதற்கென்றே வேறு அளவைகள் வகுக்கப்பட்டன. 2012 இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் முன்வைத்த அளவை, நாளம் எத்தனை துண்டுகளாக அறுபட்டது, பரப்பு எவ்வளவு பொருந்துகிறது, நீளம் எவ்வளவு பொருந்துகிறது என்ற மூன்றையும் தனித்தனியே கண்டு பெருக்குகிறது. ஒன்றில் வீழ்ந்தால் மற்றவை காப்பாற்றாது. 2021 இல் வந்த நடுக்கோட்டு டைஸ் எண்ணோ, நாளத்தின் பருமனை நீக்கி எலும்புக்கூடு போன்ற நடுக்கோட்டை மட்டும் எடுத்து, ஒருவருடைய நடுக்கோடு மற்றவருடைய நாளத்துக்குள் முழுதும் அடங்குகிறதா என்று பார்க்கிறது. இவற்றோடு, கணக் கோட்பாட்டை வளர்த்த ஜெர்மானியக் கணிதமேதை ஃபெலிக்ஸ் ஹவுஸ்டார்ஃபின் பெயரால் வழங்கும் தூரமும் உண்டு: சராசரியைப் பற்றி அது கவலைப்படுவதில்லை, இரு வரைவுகளும் மிக அதிகமாக விலகிப்போன அந்த ஒரே இடத்தில் எவ்வளவு விலகின என்பதையே சொல்லும்.

ஒரு புள்ளியின் விலை

கண்ணைவிட்டு இருதயத்துக்கு வருவோமானால், இந்த விவாதம் ஏட்டோடு நின்றுவிடுவதில்லை என்பது புலனாகும். இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் தமனியொன்று 3 மில்லிமீட்டர் விட்டமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உடையதென்றும், சி.டி. படத்தில் ஒரு புள்ளியின் அகலம் 0.3 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். தமனியின் குறுக்கே பத்துப் புள்ளிகள் வரும். நடுவில் 5 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கொழுப்புப் படிந்து உள்வழி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. அங்கே உண்மையான அகலம் ஐந்து புள்ளிகள். அதாவது அடைப்பு 50 விழுக்காடு.

முதலாவது கணிமுறை அந்த ஓரிடத்தில் மட்டும் இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளியைக் குறைத்து வரைகிறது. அகலம் மூன்று புள்ளிகளாகி, அடைப்பு 70 விழுக்காடு என்று அறிக்கை வருகிறது. இரண்டாவது கணிமுறை இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளியைக் கூட்டி வரைகிறது. அகலம் ஏழு புள்ளிகளாகி, அடைப்பு 30 விழுக்காடு என்று வருகிறது. இருதய சி.டி. அறிக்கைகளுக்கென வகுத்த தரவரிசைப்படி 25 முதல் 49 வரை லேசான அடைப்பு. 50 முதல் 69 வரை நடுத்தரம். 70 முதல் 99 வரை கடுமையானது. ஆகவே ஒரே மனிதரை ஒரு கணிமுறை மருந்தோடு வீட்டுக்கு அனுப்ப ஏதுவாகிறது. மற்றொன்று ஆஞ்சியோகிராம் மேடைக்கு அனுப்ப ஏதுவாகிறது. இவ்விரண்டு கணிமுறைகளின் டைஸ் எண் என்ன என்று கணக்கிட்டுப் பார்த்தால், சுருங்கிய பகுதி முழுத் தமனியின் கன அளவில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கே ஆதலால், இரண்டுக்கும் 99 விழுக்காட்டுக்கு மேலேயே வருகிறது! வைத்தியருக்கு எது முக்கியமோ அந்த ஐந்து மில்லிமீட்டரைப் பற்றி அம்மதிப்பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இவ்வுண்மையை உணர்ந்து நடத்தப்பட்ட பரீட்சைக்கு நல்ல உதாரணம், நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர ஆய்வாளர்கள் அமைத்து, 2008 இல் நியூயார்க்கில் கூடிய மருத்துவப் படிமவியல் மாநாட்டை ஒட்டி நடத்திய போட்டியாகும். 32 பேரின் இருதய சி.டி. படங்களில், ஒவ்வொன்றிலும் நான்கு தமனிகளாக 128 தமனிகளின் நடுக்கோடுகளை மூன்று நோக்கர்கள் தனித்தனியே வரைந்தார்கள். பதின்மூன்று கணிமுறைகள் அவற்றோடு ஒப்பிடப்பட்டன. அவர்கள் இட்ட மதிப்பெண் ஒன்றல்ல. தமனி முழுவதிலும் எவ்வளவு பொருந்தியது என்பது ஒன்று, தொடக்கத்திலிருந்து முதற்பிழை நேரும் வரை எவ்வளவு தூரம் தவறாமல் சென்றது என்பது மற்றொன்று, 1.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள, சிகிச்சைக்குப் பொருட்படுத்தத் தக்க பகுதியில் மட்டும் எவ்வாறு செய்தது என்பது பிறிதொன்று. இவையனைத்தினும் போற்றத்தக்கது, நோக்கர்களே தமக்குள் வேறுபடும் அளவுக்குச் சமமாகப் பிழை செய்யும் கணிமுறைக்கு 50 மதிப்பெண் என்று அவர்கள் விதித்த விதி. 50 என்ற எண்ணைக் கண்டவுடன் பாதித் தோல்வி என்று நினைக்கிறோம். இந்தப் பரீட்சையிலோ அது தேர்ந்த மனிதக் கைக்கு நிகர் என்று பொருள்படும்.

அளக்கும் விதியே மாறினால் எண்ணும் மாறிவிடும் என்பதற்குக் கழுத்துத் தமனி சாட்சி. மூளைக்குச் செல்லும் இத்தமனியின் அடைப்பை அறுவைச் சிகிச்சையால் நீக்குவது பயன் தருமா என்று ஆராய்ந்த வட அமெரிக்கப் பரிசோதனையும் ஐரோப்பியப் பரிசோதனையும் 1991 இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டன. அமெரிக்கர்கள் சுருங்கிய இடத்தை அதற்கு மேலேயுள்ள ஆரோக்கியமான தமனியின் அகலத்தோடு ஒப்பிட்டார்கள். ஐரோப்பியர்களோ, அதே இடத்தில் நோயில்லாதிருந்தால் எவ்வளவு அகலம் இருந்திருக்கும் என்று ஊகித்து அதனோடு ஒப்பிட்டார்கள். விளைவாக, அமெரிக்க முறையில் 50 விழுக்காடாக வரும் அடைப்பு ஐரோப்பிய முறையில் ஏறக்குறைய 75 விழுக்காடாக வருகிறது. தமனியும் ஒன்றே, படமும் ஒன்றே. எந்த விதிப்படி என்று சொல்லாமல் ஒரு கணிமுறை தரும் விழுக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வைத்தியரும் ஒரு முடிவுக்கு வரவியலாது.

கேள்வி எதுவோ, அளவை அதுவே

இனி மெர்போக் வட்டாரத்து நோயாளியின் கண்படத்துக்குத் திரும்பி, அதனிடம் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். தமனிகள் குறுகியிருக்கின்றனவா என்பது முதற்கேள்வி. இரத்த அழுத்தத்தோடும் இருதய நோயோடும் அதற்குச் சம்பந்தம் உண்டு. இதற்கு வழங்கும் முறைப்படி, வெளிர்மஞ்சளாகத் தெரியும் பார்வைத் தட்டின் விளிம்பிலிருந்து அதன் விட்டத்தில் பாதியும் முழுதுமான தொலைவுகளுக்கு இடைப்பட்ட வளையத்தில் ஓடும் ஆறு பெரிய தமனிகளை மட்டும் அளந்தால் போதும். நுண்கிளைகளை எல்லாம் ஒரு கணிமுறை தவறவிட்டாலும் இங்கே குற்றமில்லை. ஆனால் ஆறில் ஒன்றாக ஒரு சிரையைச் சேர்த்துவிட்டால் முடிவு கெட்டுவிடும். சிங்கப்பூர் ஆய்வாளர்களும் அவர்களுடைய சகாக்களும் 2021 இல் வெளியிட்ட கணிமுறை, பல இனத்தவரின் 70,000க்கும் மேற்பட்ட கண்படங்களைக்கொண்டு உருவாக்கிச் சோதிக்கப்பட்டது. அது தந்த அகலமும், பயிற்சி பெற்ற நிபுணர் கருவியின் துணையோடு அளந்த அகலமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதையே அவர்கள் பிரதானமாகச் சோதித்தார்கள். புள்ளிகளின் பொருத்தத்தைவிட அகலத்தின் பொருத்தம் கேள்விக்கு நேரான விடை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனிப்புநீரால் விழித்திரை பழுதாகிறதா என்பது இரண்டாவது கேள்வி. இப்போது சங்கதி தலைகீழாகிறது. பெரிய நாளங்களை எந்தக் கணிமுறையும் பிடித்துவிடும். புதிதாக முளைக்கும் கோணல்மாணலான மெல்லிய நாளங்களையும், அடைபட்டு மறைந்துபோன நுண்கிளைகளையும் காட்டுகிறதா என்பதே பரீட்சை. முதற்கேள்விக்கு முதற்பரிசு பெற்ற கணிமுறை இரண்டாவது கேள்விக்குத் தேறாமற்போகலாம். அதில் முரண்பாடு ஒன்றுமில்லை.

யாருடைய கண்களைக்கொண்டு பரீட்சை நடந்தது என்பதும் இதனோடு சேர்ந்த விஷயமே. நிறமிகள் மிகுந்த நம்மவர் கண்களில் பின்புலம் ஐரோப்பியர் கண்களிலிருப்பதைவிடக் கருமையாகத் தோன்றும். நாளத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலுள்ள ஒளி வேற்றுமை அதனால் மாறும். கண்புரை படர்ந்த முதியவரின் படம் மூடுபனி போர்த்தியது போலிருக்கும். நெதர்லாந்தின் 40 படங்களில் பெற்ற வெற்றி கெடாவுக்குத் தானாக வந்து சேர்ந்துவிடாது. நாளங்களை வரைவதற்கன்றி நோயின் தரத்தையே நேரடியாகக் கூறுவதற்காக கூகுள் ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட கணிமுறைக்குக் கற்பித்த படங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் இருந்தன. இருந்தும், அவர்கள் அந்த அளவில் திருப்தியடைந்துவிடவில்லை. மதுரையிலும் சென்னையிலும் அவ்விரு மருத்துவமனைகளுக்குப் புதிதாக வந்த 3,049 நோயாளிகளிடம் அக்கணிமுறை நேரில் பரீட்சிக்கப்பட்டு, முடிவுகள் 2019 இல் வெளிவந்தன. கற்பித்த இடத்திலேயே மறுபடியும் பரீட்சை தேவைப்பட்டதென்றால், கற்பிக்காத இடத்துக்கு அது எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பரீட்சைக்குப் பெரும்பொருள் வேண்டும் என்பதுமில்லை. மெர்போக்குக்குப் பக்கத்திலுள்ள செமிலிங்கிலேயே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். டிரைவ் தொகுதி 40 படங்களால் ஆனதென்றால், ஸ்டேர் தொகுதி 20 படங்களால் ஆனது. நோயாளிகளின் சம்மதத்தோடும் பெயர் நீக்கியும் சேகரித்த சில டஜன் உள்ளூர்ப் படங்களைக் கண் வைத்தியரிடம் பயின்ற இருவர் தனித்தனியே வரைந்து வைப்பார்களானால், எந்தக் கம்பெனியார் எந்தக் கணிமுறையைக் கொண்டுவந்து 98 விழுக்காடு என்று புகழ்ந்தாலும், அதனை உரைத்துப் பார்ப்பதற்கு நம்மிடமே ஒரு கல் இருக்கும். அப்போது கேட்க வேண்டியவை நான்கே: பிரமாணப் படத்தை எத்தனை பேர் வரைந்தார்கள், அவர்கள் தமக்குள் எவ்வளவு வேறுபட்டார்கள்? நாளம் எங்கெங்கே அறுபட்டது? மிக மோசமான இடத்தில் பிழை எவ்வளவு? அந்தப் பிழையால் எத்தனை நோயாளிகளுக்கு வைத்தியரின் முடிவு மாறியிருக்கும்? இந்நான்கினுள் கடைசிக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தவர் மற்ற மூன்றையும் கட்டாயம் அளந்திருப்பார். அதற்கு விடை தெரியாதவர் எத்தனை தசம ஸ்தானங்களோடு மதிப்பெண் காட்டினாலும், அவர் இன்னும் நோயாளியிடம் வந்து சேரவில்லை.